குரோமியத் தண்ணீரும் பயோஃபிலிம் ப்ராஜெக்ட்டும்: முதல் முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் கல்லூரிகளில் நுண்ணுயிரியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ படிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் எடுக்கும் தலைப்பு இது: பாக்டீரியாவின் பயோஃபிலிமை (கல் போன்றவற்றில் பாக்டீரியா ஒட்டிக் கட்டும் வழவழப்பான படலத்தை) வைத்துத் தண்ணீரிலிருந்து குரோமியத்தை நீக்குவது. கல் நிரப்பிய ஒரு குழாயில் படலத்தை வளர்த்து, அதன் வழியே குரோமியத் தண்ணீரை ஓட்டுவதுதான் முறை. நல்ல தலைப்பு, நம் ஊருக்கு வேண்டிய வேலை. ஆனால் ஆய்வுக் கட்டுரைகளில் வரைபடமும் முடிவும்தான் இருக்கும். எந்தக் கடிதத்தை யாரிடம் கொடுப்பது, எந்தப் பாட்டிலில் அமிலம் ஊற்றக் கூடாது, கடைசியில் அந்தக் கழிவை என்ன செய்வது என்பதெல்லாம் இருக்காது. நான் இதையெல்லாம் அலைந்து திரிந்துதான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். பாக்டீரியா எண்ணெயைத் தின்று தீர்க்கும், சாயத்தை உடைக்கும்; உலோகத்தை அழிக்காது. குரோமியம் தண்ணீரிலிருந்து படலத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, மிச்சம் எங்கே இருக்கிறது என்ற கணக்கைக் காட்ட முடிந்தால்தான் உங்கள் ப்ராஜெக்ட் நிற்கும். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கைக் காப்பாற்றத்தான்.

இன்னொன்று: இது குடிநீருக்கான வழி இல்லை. உங்கள் ஊர்க் கிணற்றில் குரோமியம் இருந்தால், இந்தக் குழாயிலிருந்து வரும் தண்ணீரை யாருக்கும் குடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஒரு மாணவர் ப்ராஜெக்ட் அந்த அளவைத் தினமும் உறுதியாகத் தர முடியாது.

1. எந்தக் குரோமியம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பலர் சறுக்கும் இடம் இது. தண்ணீரில் குரோமியம் இரண்டு வடிவத்தில் வரும்: குரோமியம்-3, குரோமியம்-6. தோல் பதனிடப் பயன்படுத்துவது பேசிக் குரோமியம் சல்ஃபேட். அதில் இருப்பது குரோமியம்-3. ஆகவே டேனரிக் கழிவுநீரைக் கொண்டுவந்து குரோமியம்-6 சோதனை செய்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. குரோமியம்-6 வேண்டுமென்றால் அது வருகிற இடமே வேறு: குரோம் பூசும் எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறைகள், ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையில் குவிந்துள்ள கழிவிலிருந்து கசியும் நீர். அங்கே தண்ணீர் மஞ்சளாகவே இருக்கும்.

இரண்டும் வேலை செய்யும் விதமும் வேறு. குரோமியம்-3 நேர் மின்னேற்றம் கொண்டது. படலத்தின் வழவழப்பான பிசினில் இருக்கும் கார்பாக்சில், பாஸ்பேட் தொகுதிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். குரோமியம்-6 நடுநிலையான தண்ணீரில் குரோமேட்டாக, எதிர் மின்னேற்றத்தோடு இருக்கும். அது எளிதில் ஒட்டாது. சல்ஃபேட் நுழையும் வழியாகவே செல்லுக்குள் நுழைந்துவிடும். அதை பாக்டீரியா குரோமியம்-3 ஆக மாற்றினால்தான் படியும்.

முதல் முறை செய்பவர்களுக்கு என் யோசனை: பொட்டாசியம் டைகுரோமேட்டில் நீங்களே தயாரித்த குரோமியம்-6 தண்ணீரில் தொடங்குங்கள். 2.83 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் குரோமியம் கொண்ட ஸ்டாக் (நீர்த்துப் பயன்படுத்தும் அடர் கரைசல்) கிடைக்கும். உண்மையான கழிவுநீரைக் கடைசி ஒரு வாரம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். குரோமியம்-6 புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது உறுதியான விஷயம். அதன் தூள் மூக்கில் போகக் கூடாது. கையுறை, முகக்கவசம் போட்டு, புகைப்பெட்டிக்குள் (ஃபியூம் ஹூட்) வைத்துத்தான் எடை போட வேண்டும்.

ஈயம், காட்மியம், துத்தநாகம் எடுக்க நினைப்பவர்களுக்கு சல்ஃபேட்டை சல்ஃபைடாக மாற்றும் பாக்டீரியா வழி உண்டு. நெதர்லாந்தில் புடெல் துத்தநாக ஆலையில் 1992-ல் இதைப் பெரிய அளவில் தொடங்கினார்கள். ஆனால் அதில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், ஆளைக் கொல்லக் கூடியது. காற்றோட்டம் சரியில்லாத கல்லூரி லேபில் வேண்டவே வேண்டாம்.

2. காகித வேலையை முந்தைய செமஸ்டரிலேயே முடியுங்கள்

கடைசி செமஸ்டர் நாலரை மாதம்தான். படலம் வளர மூன்று வாரம், குரோமியத்துக்குப் பழக்க இரண்டு வாரம், ஓட்டம் ஒரு மாதம், லேப் முடிவு வர இரண்டு மூன்று வாரம், எழுத ஒரு மாதம். இதில் கடிதத்துக்குக் காத்திருக்க இடமே இல்லை. வேண்டியவை இவை:

துறைத் தலைவர் கையெழுத்தோடு மாதிரி கேட்டு ஒரு கடிதம். டேனரிக்குத் தனித்தனியாகப் போய்க் கேட்பதைவிட, பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் மேலாளரிடம் கேளுங்கள். தனி முதலாளிகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பயம் இருக்கிறது. "எந்தத் தொழிற்சாலையின் பெயரும் ஆய்வேட்டில் வராது" என்று கடிதத்திலேயே எழுதிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். கேட்பது எத்தனை லிட்டர், எத்தனை முறை, எந்தத் தொட்டியிலிருந்து என்பதையும் அதிலேயே சொல்லுங்கள். தெளிவில்லாத கடிதம் மேசையிலேயே கிடக்கும்.

விலைக்கு வாங்கிய பாக்டீரியா வளர்ப்பு வேண்டுமென்றால் சண்டிகரில் உள்ள எம்டிசிசி என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகத்துக்கு விண்ணப்பம். கல்லூரி லெட்டர்ஹெட்டில் அனுப்பி, பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். உறைய வைத்து உலர்த்திய தூளாகச் சிறு கண்ணாடிக் குப்பியில் வரும். கல்லூரிக் கணக்கிலிருந்து பணம் போக வேண்டும் என்றால் அலுவலகத்தில் இரண்டு மூன்று கையெழுத்து தேவைப்படும், அதற்கும் நாள் வையுங்கள்.

உயிரியல் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல். சூடோமோனஸ் ஏருஜினோசா போன்ற நோய் தரக்கூடிய கிருமியைக் கையாளப் போகிறீர்கள் என்றால் இதைத் தவிர்க்க முடியாது. பேசிலஸ் சப்டிலிஸ், சூடோமோனஸ் புட்டிடா என்று போனால் வேலை எளிது.

அப்புறம், நீங்கள் பிரித்தெடுத்த பாக்டீரியாவை வெளிநாட்டு லேபுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், சென்னை தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி முதலில் வேண்டும். நண்பர் அங்கே படிக்கிறார் என்று கூரியரில் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, கழிவை யார் எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு எழுத்து மூலமான பதில். இதை ஏன் தொடக்கத்திலேயே கேட்கச் சொல்கிறேன் என்பது எட்டாவது படியில் புரியும்.

3. மாதிரி எடுக்கும்போது இரண்டு பாட்டில்

ஒரே தண்ணீரை இரண்டு பாட்டிலில் எடுங்கள். மொத்தக் குரோமியத்துக்கு எடுப்பதில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஹெச்சை 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். குரோமியம்-6 பார்க்க எடுப்பதில் அமிலம் ஒரு சொட்டுகூடக் கூடாது. கழிவுநீரில் இருக்கும் கரிமப் பொருள்கள் அமிலத்தில் குரோமியம்-6-ஐ வழியிலேயே 3 ஆக மாற்றிவிடும். லேபுக்கு வந்து சேரும்போது அளக்க ஒன்றும் இருக்காது. வடிகட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் அளந்துவிடுங்கள்.

பாட்டில் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் இரவெல்லாம் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் பல முறை அலசுங்கள். நம் லேப்களில் கண்ணாடிச் சாமான்களைக் குரோமிக் அமிலத்தில் கழுவும் வழக்கம் இன்னும் போகவில்லை. லேப் உதவியாளர் அண்ணன் நல்லெண்ணத்தோடு உங்கள் குடுவைகளையும் அதில் முக்கி எடுத்துவிடுவார். உங்கள் சாமான்களைத் தனி அலமாரியில் வைத்து, "குரோமிக் அமிலம் போடாதீர்கள்" என்று சீட்டு ஒட்டி, நேரிலும் சொல்லிவிடுங்கள்.

4. கலப்பு வளர்ப்பா, தனி வளர்ப்பா?

திறந்த குழாயில் வாரக்கணக்கில் தண்ணீர் ஓடும்போது தனி வளர்ப்பு (ஒரே இன பாக்டீரியா) தனியாக நிற்காது. காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வேறு கிருமிகள் வந்து குடியேறும். அதனால் நான் கலப்பு வளர்ப்பைத்தான் பரிந்துரைப்பேன். சுத்திகரிப்பு நிலையத்தின் ஏரேஷன் டேங்க் (காற்று ஊட்டும் தொட்டி) சேற்றில் ஒரு லிட்டர் போதும். அங்கே இருக்கும் பாக்டீரியா ஏற்கெனவே குரோமியத்தோடு வாழப் பழகியவை, செலவும் இல்லை.

ஆய்வேட்டில் பெயர் வேண்டும் என்று கைடு சொன்னால், லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் குரோமியம்-6 கலந்த அகாரில் சேற்றை நீர்த்துப் பரப்பி, வளர்வதைப் பிரித்து, 16எஸ் சீக்வென்ஸிங்குக்கு (மரபணுவைப் படித்து இனத்தை அறியும் சோதனைக்கு) அனுப்புங்கள். படலம் கட்டும் திறனை 96 குழித் தட்டில் கிரிஸ்டல் வயலெட் சாயத்தை வைத்துப் பார்த்துவிடலாம். எல்லா லேப் கையேட்டிலும் இருக்கும் முறைதான்.

5. குழாய் அமைப்பது

ஐந்து சென்டிமீட்டர் உள்விட்டம், 60 சென்டிமீட்டர் உயரம் உள்ள அக்ரிலிக் குழாய் போதும். அதன் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 1.2 லிட்டர். உள்ளே என்ன நிரப்புவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

தேங்காய் நார் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அதிலிருந்து பழுப்புச் சாறு இறங்கிக்கொண்டே இருக்கும்; நிறம் பார்த்து அளக்கும் சோதனை கெட்டுப்போகும். போதாததற்கு நாரே குரோமியம்-6-ஐக் கொஞ்சம் மாற்றும். கிளர்வூட்டிய கரியும் அப்படித்தான், பாக்டீரியா இல்லாமலேயே குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் காட்டும் எண் யாருடையது, கரியுடையதா, படலத்துடையதா? முதல் முறைக்கு படிகக்கல்லோ, கழிவுநீர் நிலையங்களில் பயன்படுத்தும் சிறு பிளாஸ்டிக் சக்கரங்களோ நல்லது.

நிரப்பிய பிறகு தண்ணீர் ஊற்றி நிறைத்து, அதை அளவுசாடியில் வடித்துப் பாருங்கள். படிகக்கல் என்றால் மொத்தக் கொள்ளளவில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வரும்; 500 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 மில்லி ஓட்டினால் தண்ணீர் ஐந்து மணி நேரம் உள்ளே தங்கும். இந்தத் தங்கும் நேரத்தை ஆய்வேட்டில் கட்டாயம் எழுத வேண்டும். வாய்மொழித் தேர்வில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்.

தண்ணீர் கீழிருந்து மேலே ஏறட்டும். வெளியேறும் டியூபை குழாயின் மேல்மட்டத்துக்கு மேல் வளைத்துக் கட்டுங்கள். அப்போதுதான் மின்வெட்டில் பம்ப் நின்றாலும் குழாய் வடிந்து படலம் காயாது. உள்ளே வரும் டியூபில் ஒரு திருப்பா வால்வும் (தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுப்பது) போட்டுவிடுங்கள். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஓரிரவு திறந்துவைத்துப் பிறகு பயன்படுத்துங்கள்.

முதல் இரண்டு மூன்று வாரம் குரோமியம் வேண்டாம். சேறும், நீர்த்த ஊட்டநீரும் மட்டும். கல்லைத் தொட்டால் விரலில் பாசி போல வழுக்க வேண்டும். அது வந்த பிறகுதான் அடுத்தது. லிட்டருக்கு 2, 5, 10, 20 மில்லிகிராம் என்று படிப்படியாக ஏற்றுங்கள். ஒரேயடியாக 50 விட்டால் படலம் உரிந்துகொண்டு வரும். பாக்டீரியாவுக்கு உணவாகக் கொஞ்சம் வெல்லக் கரைசல் போதும், விலையுயர்ந்த ஊட்டநீர் தேவையில்லை. ஓட்டம் நன்றாகப் போனால் வெளிர் நிறப் படலம் சில வாரங்களில் சாம்பல் கலந்த பச்சையாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது படியும் குரோமியம்-3.

6. ஒப்பீடு இல்லாமல் ஓட்டாதீர்கள்

உயிருள்ள படலத்தோடு ஒரு குழாய் மட்டும் ஓட்டி, "80 சதவீதம் நீங்கியது" என்று எழுதினால் அதற்கு மதிப்பில்லை. வெறும் கல் எவ்வளவு பிடிக்கிறது, வெல்லம் எவ்வளவு மாற்றுகிறது, செத்த படலம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

இதற்கு இன்னும் மூன்று குழாய் கட்ட வேண்டியதில்லை. வெறும் கல்லைக் கிருமியின்றி வாரக்கணக்கில் வைத்திருப்பதும் நடக்கிற காரியம் இல்லை. குடுவைகளில் 48 மணி நேரச் சோதனை செய்யுங்கள்: ஒன்றில் உயிருள்ள படலத்தோடு கல், ஒன்றில் ஆட்டோகிளேவ் செய்த படலத்தோடு கல், ஒன்றில் வெறும் கல், ஒன்றில் வெல்லக் கரைசல் மட்டும். எல்லாவற்றிலும் ஒரே குரோமியம், ஒரே பிஹெச், ஒவ்வொன்றும் மும்மூன்று குடுவை. வெல்லத்தைத் தனியாகக் கிருமி நீக்கி, ஆறிய பிறகு குரோமியத்தோடு சேருங்கள். இரண்டையும் ஒன்றாகச் சூடேற்றினால் ஆட்டோகிளேவுக்குள்ளேயே மாற்றம் தொடங்கிவிடும்.

ஈயத்தில் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊட்டநீரில் இருக்கும் பாஸ்பேட் ஈயத்தைத் தானாகவே வீழ்படிவாக்கும். பாக்டீரியா ஒன்றுமே செய்யாமல் 90 சதவீத நீக்கம் காட்டும்.

7. அளப்பதும் செலவும்

செலவில் பெரும்பங்கு அளப்பதற்குத்தான் போகும். குழாய், டியூப், வாளி எல்லாம் இரண்டு மூவாயிரத்தில் முடியும். 12 வோல்ட் சிறிய பெரிஸ்டால்டிக் பம்ப் இணையத்தில் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. லேப் தர பம்ப் பல்லாயிரம், மாணவர் ப்ராஜெக்ட்டுக்கு அவசியமில்லை. ஆனால் ஏஏஎஸ் சோதனைக்கு (உலோக அளவை ஒளியை வைத்து அளக்கும் கருவியில் செய்வது) வெளி லேப்களில் ஒரு மாதிரிக்கு, ஒரு உலோகத்துக்குச் சில நூறு ரூபாய் வாங்குவார்கள். மாதிரியை அமிலத்தில் செரிக்க வைப்பதற்கு (அதாவது சூடாக்கிக் கரைப்பதற்கு) தனிக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. விலை கேட்கும்போதே இவை உள்ளடக்கமா என்று கேளுங்கள். மாணவர் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்வதில்லை. முடிவு வரும் தேதியை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். நான் மாதிரி கொடுத்த ஓர் இடத்தில் ஏஏஎஸ் கருவியின் விளக்கு எரிந்துபோய்விட்டது, புதியது வரவில்லை என்றே வாரங்கள் ஓடின.

பணத்தை மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. அன்றாட அளவுகளை உங்கள் துறையின் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரிலேயே டைபினைல்கார்பசைடு முறையில் செய்யுங்கள். அமிலத்தில் குரோமியம்-6 இருந்தால் சில நிமிடங்களில் சிவப்பு கலந்த ஊதா நிறம் எழும். 540 நானோமீட்டரில் படியுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் வரும்படி மாதிரியை நீர்த்துக்கொள்ளுங்கள். அசிட்டோனில் கரைத்த வினைப்பொருள் நிறம் மாறிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரியுங்கள். இரும்பு அதிகமுள்ள போர்த் தண்ணீரில் மஞ்சள் நிறம் வந்து குழப்பும்.

இந்த முறை குரோமியம்-6-ஐ மட்டும்தான் காட்டும். வெளிவரும் தண்ணீரில் ஊதா வரவில்லை என்பதால் குரோமியம் போய்விட்டது என்று அர்த்தமில்லை; 3 ஆக மாறி அப்படியே வந்துகொண்டிருக்கலாம். ஆகவே அதே தண்ணீரை வடிகட்டாமல் செரித்து, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் மறுபடி 6 ஆக்கி, மொத்தக் குரோமியத்தையும் அளக்க வேண்டும். வடிகட்டினால் உரிந்து வரும் படலத் துணுக்குகளில் உள்ள குரோமியம் தாளிலேயே நின்றுவிடும். ஏஏஎஸ்-க்கு வாரம் ஒரு ஜோடி அனுப்பிச் சரிபார்த்தால் போதும்.

கணக்கு இப்படிப் போகும். லிட்டருக்கு 20 மில்லிகிராம், நாளுக்கு 2.4 லிட்டர் என்றால் தினமும் 48 மில்லிகிராம் உள்ளே போகிறது. 30 நாளில் 1,440. வெளியே வந்த 72 லிட்டரில் மொத்தக் குரோமியம் சராசரி 8 என்றால் 576 போய்விட்டது. மிச்சம் 864 குழாய்க்குள் இருந்தாக வேண்டும். ஓட்டம் முடிந்ததும் கல்லைக் கலந்து, பல இடத்திலிருந்து எடுத்து, நைட்ரிக் அமிலத்தில் செரித்து அளங்கள். 10, 15 சதவீதம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. பாதிதான் கிடைக்கிறது என்றால் எங்கோ அளவு தவறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஆய்வேடு எழுத உட்காராதீர்கள்.

ஒப்பிட வேண்டிய எல்லை: ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீரில் குரோமியம்-6 லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராம். மேலே உள்ள கணக்கில் சராசரி 8. அதாவது 60 சதவீதம் நீக்கியும் எல்லைக்குள் வரவில்லை. சதவீதத்தை மட்டும் எழுதாமல் இந்த எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள்.

8. கழிவை ஒப்படைக்கும்வரை வேலை முடியவில்லை

படிகக்கல், படலம், மிஞ்சிய ஸ்டாக், செரித்த அமிலம், குழாயிலிருந்து வெளிவந்த தண்ணீர் எல்லாவற்றிலும் குரோமியம் இருக்கிறது. எதையும் லேபின் கழுவுதொட்டியில் கொட்டக் கூடாது. பாலாற்றங்கரையில் எத்தனையோ கிணறுகள் ஏற்கெனவே கெட்டுக் கிடக்கின்றன. அதைச் சரிசெய்யக் கிளம்பிய நாமே அதில் சேர்க்கலாமா?

திரவத்தை நீங்களே அடக்கிவிடலாம். கந்தக அமிலம் விட்டு பிஹெச்சை 2, 3-க்குக் கொண்டுவந்து, மஞ்சள் மறையும்வரை ஃபெரஸ் சல்ஃபேட் போடுங்கள். பிறகு சுண்ணாம்பு போட்டு 8.5 வரை ஏற்றினால் குரோமியம் வண்டலாக இறங்கும். மேலே தெளிந்ததை அளந்து பார்த்து, எல்லைக்குள் இருந்தால் மட்டும் கல்லூரியின் கழிவுநீர் அமைப்பில் விடலாம். வண்டலையும் கல்லையும் மூடியுள்ள கேனில் போட்டு, என்ன இருக்கிறது, எந்தத் தேதி, எத்தனை கிலோ என்று லேபிள் ஒட்டுங்கள்.

2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி இதைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட கழிவைப் புதைக்கும் நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஒரு மாணவரின் ஐந்து கிலோவுக்காக வண்டி வராது. கல்லூரியின் மற்றத் துறைக் கழிவோடு சேர்த்துத்தான் அனுப்ப முடியும். அதனால்தான் முதலிலேயே எழுதி வாங்கச் சொன்னேன். வேதியியல் துறையில் இதைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று கேட்டு, அவர்கள் அடுத்த முறை அனுப்பும் மாதத்துக்கு உங்கள் ஓட்டம் முடியும்படி தேதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வரும்போது கழிவை ஏற்றிச் செல்வதற்கான படிவம் 10 போடுவார்கள். அதில் உங்கள் கேனின் எடை ஏறியிருக்கிறதா என்று பார்த்து, நகலை வாங்கி ஆய்வேட்டின் பின்னிணைப்பில், குரோமியக் கணக்கு அட்டவணைக்கு அடுத்த பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.